பித்தளைப் பின் இருக்க வேண்டிய இடத்தில்

ரங்கா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. படித்து முடிக்கும்வரை அந்த மோட்டாரைத் தண்ணீரில் இறக்காதே. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று உன் மாமனார் பார்த்துக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும் என்றுதான், தபாலை நம்பாமல், ஸ்ரீரங்கபட்டணம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். பதிமூன்று வருஷமாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் முடிக்க முடியும் போலிருக்கிறது.

நீ கேட்டது சின்னக் கேள்வி. பழைய இரும்புக் கடையில் படகு மோட்டார் ஒன்று கிடைத்தது, இரண்டு சிலிண்டரும் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருக்கின்றன, மேலே சுழல்கிற சக்கரம், சக்கரத்தின் மேல் கையால் சுற்ற ஒரு மரக் குமிழ், பின்புறம் பிறை மாதிரி வளைந்த பித்தளை டாங்கி, ஆனால் கம்பெனித் தகட்டைக் காணோம், நம்பர் இருந்த இடத்தில் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ‘அப்பா, உங்கள் கைபடாத மோட்டார் மைசூர் சீமையில் இருக்காது. இது எது, எப்படி ஓட்டுவது, எழுதுங்கள்’ என்றும் கேட்டிருந்தாய். உங்கம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

தகட்டைப் பிடுங்கியவன் நான். அரம் போட்டவனும் நான்.

முதலில் நிச்சயப்படுத்திக்கொள். அரம் போட்ட இடத்தைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார். கடைசி எண் ஏழு. அதன் காலை என்னால் முழுக்க எடுக்க முடியவில்லை, கொஞ்சம் தெரியும். அதுவும் போதாது என்றால், அடியில் தண்ணீருக்குள் இருக்கும் இரண்டு இலை விசிறியைப் பார். அதன் மூக்கில் கூம்பு மாதிரி ஒரு நட்டு இருக்கும், கழற்று. உள்ளே தண்டுக்குக் குறுக்காக ஒரு பின் செருகியிருக்கும், சுண்டுவிரலில் பாதி நீளம். அது பித்தளையாக இருந்தால் இது வேறு மோட்டார். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரி. துருப்பிடித்த இரும்பாணியாக இருந்தால், ஒரு முனை ரம்பத்தால் கோணலாக அறுபட்டு இருந்தால், அது நான் அறுத்த ஆணி. மேலே படி.

நான் மைசூரில் லஷ்கர் மொஹல்லா ஒர்க்‌ஷாப்பில் மேஸ்த்ரியாக இருந்தபோது மரக் கன்ட்ராக்டர் ஒருவர் எங்களிடம் கார் வேலைக்கு வருவார். பணக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் சாவுகார்தான். கண்ணம்பாடி அணை நிறைந்து சமுத்திரம் மாதிரி தண்ணீர் நின்ற புதிதில், அவருக்கு அதில் படகு விட்டு வாத்து சுட ஆசை வந்தது. துடுப்புப் படகு அவர் கௌரவத்துக்குப் போதவில்லை. பம்பாயிலிருந்து ஒரு மரப் பெட்டி வந்து இறங்கியது. திறந்தால் இந்த மோட்டார். அது புதுசுகூட இல்லை, யாரோ வெள்ளைக்காரர் ஓட்டிவிட்டு விற்றது. அப்படிப்பட்ட இயந்திரத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ‘காரைப் பிரிச்சவனுக்கு இது எம்மாத்திரம்’ என்றேன். அன்றைக்கே என் பேர் படகு மேஸ்த்ரி ஆகிவிட்டது.

அதை ஓட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது, என் இடது மோதிர விரலும் முறிந்தது. அந்த விரல் ஏன் கோணலாக இருக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம் கார் ஜாக்கி விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். ஜாக்கி இல்லை. சக்கரத்தின் மேலிருக்கும் அந்த மரக் குமிழ் மோட்டார் பற்றிக்கொண்ட பிறகும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். கையை உடனே எடுக்காதவனுக்கு விரல் மிஞ்சாது. இந்த மோட்டாருக்குத் தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது, பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். ஒரு கேலன் பெட்ரோலுக்கு முக்கால் பைண்ட் ஆயில், நன்றாகக் குலுக்கி, துணியில் வடிகட்டி ஊற்று. தண்ணீருக்கு வெளியே வைத்து ஓட்டாதே, தண்ணீர்தான் அதன் உடம்பைக் குளிர வைக்கிறது. ஓடும்போது பக்கத்து ஓட்டையில் தண்ணீர் வருகிறதா என்று கண் வைத்துக்கொண்டே இரு.

இதையெல்லாம் நீ பர்மாவில் லாரி ஓட்டியவன், இரண்டு நாளில் கற்றுக்கொள்வாய். ஆனால் லாரி ஓட்டியவனுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். இதில் கிளட்ச் இல்லை. நியூட்ரல் இல்லை. மோட்டார் பற்றிக்கொண்ட அதே நொடியில் விசிறி சுற்றும், படகு பாயும். மோட்டார் நிற்கும்வரை விசிறி நிற்காது. கைப்பிடியை விட்டுவிட்டால் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், படகு தன்னாலேயே ஒரே இடத்தில் வட்டம் போடும். சக்கரத்துக்குக் கீழே சின்னப் பித்தளைப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திப் பிடித்தால்தான் அணையும். அந்தப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகு. நூறு தடவை தொடு.

இனி அந்தப் பின். அது உடைவதற்கென்றே வைத்திருக்கிற சாமான். விசிறி கல்லிலோ கட்டையிலோ மோதினால் பித்தளைப் பின் சட்டென்று அறுந்துவிடும், மோட்டார் வெறுமனே உறுமும், விசிறி செத்துப்போய் நிற்கும், படகும் நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். படகை ஓரம் தள்ளி, புதுப் பின் செருகி, மறுபடி சுற்ற வேண்டும். அந்த எரிச்சல்தான் உயிர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

படகில் முன்னால் உட்கார்ந்து வழி காட்ட ஓர் ஆள் வைத்திருந்தோம். பேர் மாதய்யா, மீன் பிடிக்கிறவர், என் வயசுதான். அணைத் தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்று அவருடையது. வீட்டை விட்டு மேட்டில் கட்டிக் கொடுத்த புது ஊருக்குப் போனாலும், தண்ணீருக்கு அடியில் தன் ஊர் எங்கே கிடக்கிறது என்று அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர்தான் இருக்கும். அவர் குனிந்து, ‘இது கௌடர் களம், இது எங்க தெரு, இப்போ பள்ளிக்கூடத்து மேல போறோம் மேஸ்த்ரி’ என்பார். கோடையில் தண்ணீர் இறங்கும்போது முங்கிய மரங்களின் தலை மேலே வரப் பார்க்கும், ஆனால் வராது. ஒரு சாண், இரண்டு சாண் கீழே கறுப்பாக நின்றுகொண்டிருக்கும். அப்போது அவர் பேசவே மாட்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு, ஆபத்து என்றால் இடது கையைத் தூக்குவார். நான் உடனே மோட்டாரைக் குறைப்பேன். அப்படியும் வேகமாகப் போனால், ‘நிதானா மேஸ்த்ரி, நிதானா’ என்பார். அந்த ஒரு கை எங்களை இரண்டு வருஷம் காப்பாற்றியது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம். இந்த வருஷம் மாதிரியே தண்ணீர் ரொம்ப இறங்கியிருந்தது. முந்தின நாள் சாவுகாரை அழைத்துக்கொண்டு போனபோது பின் இரண்டு முறை அறுந்தது. இரண்டாவது முறை அவர் என்னைத் திட்டினார். ‘நாளைக்கு என் கெஸ்டுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி நடுத் தண்ணியில நின்னா உனக்கு ஒர்க்‌ஷாப் பக்கமே வேலை இருக்காது’ என்றார். கையிலிருந்த பித்தளைப் பின்கள் தீர்ந்துபோயிருந்தன. பித்தளைக் கம்பி வாங்கிக் கடைந்திருக்கலாம், அரை நாள் வேலை. மறுநாள் காலை கரையில், சாமான் பெட்டியிலிருந்து ஒரு இரும்பாணியை எடுத்து அளவுக்கு அறுத்துச் செருகினேன். மாதய்யா பக்கத்தில் குந்தியிருந்தார்.

‘இது உடையாதா மேஸ்த்ரி?’

‘உடையாது. இனி எதுல மோதினாலும் நிக்காது’ என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன், ரங்கா.

அவர் ஆணியையும் பார்த்தார், தண்ணீரையும் பார்த்தார். ‘இன்னிக்குப் போக வேண்டாம்னு சாவுகார்கிட்ட சொல்லுங்க. மரமெல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு’ என்றார். நான் சொல்லவில்லை.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. விருந்தாளிகள் இரண்டு பேர், சாவுகார், முன்னால் மாதய்யா, பின்னால் நான். தண்ணீருக்கு மேலே தெரிந்த கோயில் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று எழுந்து தண்ணீரில் அலை கிளம்பத் தொடங்கியது. அலை வந்தால் அடியில் இருப்பது தெரியாது. ‘மழைக்கு முன்னாடி கரை சேரணும், முழுசா விடு’ என்றார் சாவுகார். முழுசாக விட்டேன். கொஞ்ச தூரத்தில் மாதய்யாவின் இடது கை மேலே போனது.

நான் பார்த்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாவுகாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார், போ என்று. நான் குறைக்கவில்லை.

முங்கிய புளியமரத்தின் கிளை அது. விசிறி மோதியதும் மோட்டார் பின்பக்கமாகத் துள்ளி எழுந்து மறுபடி தண்ணீரில் விழுந்தது. படகு குலுங்கிய குலுங்கலில் முன்னால் எழுந்திருக்கப் பார்த்த மாதய்யா தண்ணீருக்குள் போனார். நான் பலகைகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தேன், கைப்பிடி கையை விட்டு நழுவிவிட்டது. பித்தளைப் பின்னாக இருந்திருந்தால் விசிறி அங்கேயே நின்றிருக்கும். மாதய்யா மீனை விட நன்றாக நீந்துகிறவர், இரண்டு கை போட்டுப் படகைப் பிடித்திருப்பார், என்னைத் திட்டியிருப்பார். ஆணி நிற்கவில்லை. நான் சொன்னது போலவே, எதில் மோதியும் நிற்கவில்லை. படகு வட்டம் போட்டது. சாவுகார் கத்துகிறார், விருந்தாளிகள் என் மேல் விழுகிறார்கள், நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு பொத்தானைத் தேடுகிறேன். மூன்றாவது சுற்றில் என் கை அதில் பட்டது. அதற்குள் படகு ஒருமுறை அவர் மேலே போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

தாலுகா அமல்தார் கச்சேரியிலிருந்து குமாஸ்தா ஒருவர் வந்து கரையில் உட்கார்ந்து எழுதினார். சாவுகார் முந்திக்கொண்டார். ‘ஆளு சும்மா எழுந்து நின்னான், கால் தவறிட்டான். மரம் இருக்கிறதையும் கவனிக்கல’ என்றார். குமாஸ்தா என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். ‘ஹௌது’ என்றேன். ஆமாம் என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சாவுகாருக்கு மட்டும் பயம் போகவில்லை. மோட்டார் தன்னுடையது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று தகட்டையும் நம்பரையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். விசிறியைக் கழற்றி அந்த ஆணியை எடுக்கத்தான் என் கை வரவில்லை. அப்படியே சாக்கில் சுற்றி அவர் மரக் கிடங்கில் தூக்கிப் போட்டோம். அவர் காலமான பிறகு கிடங்கைக் காலி செய்திருப்பார்கள். அப்படித்தான் இரும்புக் கடைக்கு வந்திருக்க வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் மாதய்யாவின் மனைவி கெம்பம்மா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். புது ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தார். உதவி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரே ஒரு விஷயம் தவிர.

‘அவரு கை தூக்கலையா மேஸ்த்ரி? மரம் இருந்தா கை தூக்குவாரே.’

‘கவனிக்கலையே அம்மா’ என்றேன்.

அவர் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு திரும்பி நடந்தார். நான் அவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு பஸ்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் புரிந்தது. தன் ஊர்ப் புளியமரமே தெரியாமல் செத்தவன் என்று மாதய்யாவைப் பற்றிக் கரையெல்லாம் கேலி ஆகிவிட்டது. ஒரு மனுஷனை அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காரியத்தில் முட்டாளாக்கிவிட்டேன். செத்தவரால் பதில் சொல்ல முடியாது. பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். வேலையில் பொய் சொல்லாதே என்றேன், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்றேன், முதலாளி முகத்தைப் பார்த்து வேலை செய்யாதே என்றேன். ஒன்பதாம் வகுப்பில் நீ ஒரு பொய் சொன்னதற்கு உன்னை அடித்திருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த அடியில் பாதி எனக்கு விழ வேண்டியது. இதை நான் உன் கல்யாணத்தன்று சொல்ல நினைத்தேன். பந்தலில் நீ சிரித்துக்கொண்டு நின்றாய், விட்டுவிட்டேன். நல்ல நாளில் எதற்கு என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்போது அந்த மோட்டார் உன்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். தண்ணீர் தெரிந்த ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான், புது ஊர் கெம்பம்மா மகன் சித்தய்யா, முன்னால் உட்கார்ந்து வழி காட்டுவான், நல்ல பையன், ஆனால் கொஞ்சம் கடுகடுப்பு, தண்ணீரைப் பற்றி யாராவது தமாஷ் பேசினால் சண்டைக்குப் போய்விடுகிறான் என்று. ஏன் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அவனுக்கு நீ யார் மகன் என்று தெரியாது. அவன் தோளில் தூக்கிக்கொண்டு வந்து படகில் மாட்டப்போவது எந்த மோட்டார் என்றும் தெரியாது. அதே தண்ணீர், அதே சித்திரை, அதே ஆணி, முன்னால் மாதய்யாவின் மகன், பின்னால் என் மகன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ‘இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?’ என்று மட்டும் கேட்டாள். முதல் பஸ் பிடித்துப் போனேன், மிச்சத்தை நடந்தேன். கெம்பம்மா வீட்டு முன்னால் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்தது அவருக்கு. சித்தய்யா உன்னோடு படகுக்குப் பலகை பார்க்கப் போயிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். ஆணியைச் சொன்னேன், கையைச் சொன்னேன், சித்தய்யா ஏறப்போகும் படகு என் மகனுடையது என்பதையும் சொன்னேன்.

‘தூக்கினாரா?’ என்றார்.

‘தூக்கினார் அம்மா. இடது கை. நல்லா உயரத் தூக்கினார். நான் பாத்தேன்.’

முறத்தைக் கீழே வைத்தார். கோழிகள் வந்து ராகியைப் பொறுக்கின, அவர் விரட்டவில்லை. என்னைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கன்னடத்தில், ரொம்ப மெதுவாகச் சொன்னார்: ‘எனக்குத் தெரியும் மேஸ்த்ரி. அவரு தூக்காம இருக்க மாட்டாரு. எனக்கு நீ சொல்ல வேண்டியதில்ல. என் மகனுக்குத்தான் தெரியாது. அவன் அப்பனை நினைச்சு வெட்கப்பட்டே வளர்ந்தான். அவன்கிட்ட போய்ச் சொல்லு. உன் மகன் படகுல ஏறப்போறவன் அவன்.’ தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே, நீ இப்போது செய்ய வேண்டியது இது. சித்தய்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை அவனுக்குக் கன்னடத்தில் படித்துக் காட்டு. எதையும் விடாதே, எதையும் மெலிதாக்காதே. அப்பா அப்போது பயந்துபோயிருந்தார், வேலை போய்விடும் என்ற கவலையில் இருந்தார் என்று எனக்காக நீ ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அவன் எழுந்து போனால் பின்னாலேயே போகாதே. உன்னோடு படகில் வர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்காதே, வேறு ஆள் வைத்துக்கொள்ளும் நினைப்பும் வேண்டாம், இந்தக் கோடைக்குப் படகே வேண்டாம். மாமனாரிடம் நாள் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வருவேன் என்று அவன் சொன்னால், அவன் கை மேலே போன உடனே மோட்டாரை அணைக்க வேண்டும், படகில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, எந்த அவசரமானாலும் சரி. பித்தளைப் பின் பன்னிரண்டு கடைந்து வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறேன். கரையில் நீங்கள் இரண்டு பேரும் நின்றால், அங்கேயே, உன் எதிரிலேயே அவனிடம் சொல்கிறேன். நீ மட்டும் நின்றால் அவன் ஊருக்கு நடந்து போகிறேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியில் உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏறினாலும், பொழுது போனாலும், நீ வந்து என்னைக் கூப்பிடாதே.

அப்பா